நிறுத்தி நிறுத்திச் சொன்ன கதை

போன கோடையில் என்னோடு வேலை செய்கிற ஒருவர் அயர்லாந்துக்குப் போய்வந்தார். வந்த முதல் நாளே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கைபேசியில் இருந்த செம்மறிகளையெல்லாம் எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். செம்மறிகள் தீர்ந்த பிறகு கதைக்கு வந்தார். மேற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் படகுப் பயணம் போனாராம். படகோட்டுகிற பையன் ஒரு பழங்கதை சொன்னானாம். இருநூறு வருடத்துக் கதையாம். அதை எங்களுக்குச் சொல்லும்போது அவர் ஒரு வசனம் சொல்வார், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பிறகு அடுத்த வசனம். ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறீர்கள் என்று மேசையில் இருந்த இன்னொருவர் கேட்டதற்கு, அங்கே இந்தக் கதையை இப்படித்தான் சொல்லவேண்டும், அது அந்த ஊர் மரபு என்றார்.

நான் புட்டைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை என்னைவிட ஐந்து வயது மூத்தது. அந்த இடைவெளிகள் என்னைவிட ஒன்பது வயது இளையவை. இரண்டும் எனக்குத் தெரியும், ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

நாங்கள் அப்போது மொன்றியலில், லாசால் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அம்மா சென்ட் லோரன்ட்டில் குளிர்கோட்டுத் தைக்கிற தொழிற்சாலைக்கு பஸ்ஸும் மெட்ரோவும் மாறிமாறிப் போய்வருவார். அவருடைய பிரெஞ்சு, வந்த புதிதில் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சு. கடைக்கும் வேலைக்கும் அது போதும். ஆங்கிலம் என்றால் அறவே இல்லை. அந்த இலாகா முழுவதும் என்னுடையது. நான் அதைத் தொலைக்காட்சியிலும் மாடிப்படிப் பிள்ளைகளிடமும் பொறுக்கி வைத்திருந்தேன். மருத்துவர் சொல்வதையும், வீட்டுக்காரர் சொல்வதையும் ஒன்பது வயதில் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேகமாகப் பிரெஞ்சு பேசத் தொடங்கினால் அதற்கும் நான்தான். என்னைப் பற்றிய முறைப்பாடுகளையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்ததால் சில முறைப்பாடுகள் வழியிலேயே தவறிப்போனதுண்டு. மற்றபடி நேர்மையாகத்தான் செய்தேன்.

அம்மாவுக்கு இரண்டு தம்பிமார். அவர்களுடைய தாய் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் மன்னாரில் அந்த இருவரையும் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, சட்டை தைத்துப் போட்டு வளர்த்தவர் அம்மாதான். பிறகு கல்யாணம் பேசி அவரைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் சண்டை பெருத்தபோது தம்பிமார் இருவரும் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே அகதி முகாமில் சின்னவர் காய்ச்சலில் செத்துப்போனார் என்று மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சின்ன மாமாவை எனக்குப் படத்தில் மட்டும் தெரியும். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், முன்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். பெரியவர், அதாவது என் மாமா, பிற்பாடு கனடாவுக்கென்று வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் பாதியில் கைவிட, அயர்லாந்தில் நின்றுவிட்டார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எப்படியாவது இந்தியாவுக்குப் போய்ச் சின்னவருடைய கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தவேண்டும். அதற்கு எந்த ஊர், எந்தச் சவக்காலை என்று தெரியவேண்டும். தொலைபேசியில் கேட்டால் மாமாவுக்கு உடனே லைன் சரியில்லாமல் போய்விடும். பேந்து எடுக்கிறன் அக்கா என்பார்; எடுக்கமாட்டார். கடைசியில் அம்மா நேரிலேயே போய்க் கேட்பது என்று தீர்மானித்தார். அப்பாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் அம்மாவும் மட்டும். விமான நிலையத்தில் அப்பா, "அவனைப் போட்டு உலுப்பாதை, ஆறுதலாக் கேள்" என்று மட்டும் சொன்னார். அம்மாவின் கைப்பையில், எங்கள் கோயிலில் பாதிரியார் மந்திரித்த ஒரு நீட்டு மெழுகுதிரி துவாயில் சுற்றி இருந்தது. இடம் தெரிந்ததும் கொளுத்த எடுத்துவைத்தது, எதற்கும் கூட வரட்டும் என்று கொண்டுவந்திருந்தார்.

மாமாவின் கிராமம் எனக்கு உடனே பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தெரு. அதில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நிறம். எங்கள் மொன்றியலைப் போலவே பலகைகளில் இரண்டு மொழி எழுதியிருந்தது. ஆனால் மேலே எழுதிய ஐரிஷ் மொழியில் தெருவில் ஒருவரும் பேசக் கேட்கவில்லை. காலை பதினொரு மணிக்கு சுற்றுலா பஸ் வரும். வந்தவுடன் ஊரே வேடம் கட்டிக்கொள்ளும். மதுச்சாலை வாசலில் பிடில் வாசிப்பவர் அதுவரை போட்டிருந்த மெல்லிய சட்டையைக் கழற்றிவிட்டு, வெயிலென்றும் பாராமல் தடித்த கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நான்கு மணிக்கு பஸ் போனதும் கம்பளியைக் கழற்றி வியர்வையைத் துடைப்பார். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் துறைமுகத்துக்கு வந்து படகுகளுக்குத் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். சுற்றுலாக்காரர் ஓடியோடிப் படம் பிடித்தார்கள். எங்கட ஊரில இதுக்குப் பாட்டுக் கூடப் படிப்பினம் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

மாமா முதலில் மீன் பெட்டியடைக்கிற இடத்தில் வேலை செய்தாராம். கடல் தெரிந்த ஆள் என்று கண்டு படகுக்காரர் அவரைச் சுற்றுலாப் படகுக்கு எடுத்துக்கொண்டார். படகுக்காரர் ஆறடி ஆள், முகம் எந்நேரமும் அவித்த இறால் நிறத்தில் இருக்கும். பக்கத்து ஊரில் மனுசியாக மாறிய கடல்நாய் ஒன்றின் கதை இருந்தது. பஸ்கள் அங்கேதான் அதிகம் போயின. இவர்கள் ஊரில் கதையே இல்லை. குடாவின் நடுவில் ஒரு மணல்திட்டு மட்டும் இருந்தது. வற்றுக்கு வெளியே வந்து கிடக்கும், பெருக்குக்கு மூழ்கிவிடும். அந்த இடத்தில் படகைத் திருப்பும்போது சனம் கொட்டாவி விடுகிறது, ஏதாவது சொல்லு என்று படகுக்காரர் மாமாவிடம் சொல்ல, மாமா ஒரு கதை சொல்லத் தொடங்கியிருக்கிறார். இரண்டு கோடைக்குள் கதை ஊரில் ஊறிவிட்டது. தன்னுடைய பாட்டனார் இதை நெருப்பங்கரையில் இருந்து சொல்லுவார் என்று படகுக்காரரே என்னிடம் சத்தியம் செய்தார்.

வந்த நான்கு நாளும் அம்மா கேட்டபடியே இருந்தார். "எந்தச் சவக்காலையில தாட்டனி எண்டாவது சொல்லன்" என்பார். மாமா தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். இல்லையென்றால் ஜன்னலால் ஒரு செம்மறியைக் காட்டுவார். அம்மா கோபப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி கேட்பார். மாமா நன்றாக மெலிந்துதான் இருந்தார், அந்த நான்கு நாளில் இன்னும் மெலிந்த மாதிரி எனக்குப் பட்டது.

ஐந்தாம் நாள் அம்மாவுக்குத் தலையிடி. நான் மட்டும் மாமாவோடு படகில் போனேன். மணல்திட்டுக்குக் கிட்ட மாமா மைக்கைப் பிடித்து, மடை திறந்த மாதிரி ஒரே மூச்சில் கதையை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி வரும்போது, விளங்கினதோ என்று மாமா கேட்டார். எல்லாம் விளங்கினது என்றேன். 

"உந்தக் கதையை அம்மாவுக்குத் தமிழில சொல்லுவியோ?"

"ஓம், வடிவாச் சொல்லுவன்."

"அப்ப நாளைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வா. சொல்லிக் குடுக்கிறது உன்ர வேலை" என்றார். ஒரு பெரிய மனிதர் எனக்கு வேலை தந்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுவதும் கதையை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தபடி திரிந்தேன்.

மறுநாள் படகில் பச்சைத் தொப்பி போட்ட அமெரிக்கப் பெண்கள் நாலைந்து பேர், ஒரு ஜெர்மன் தம்பதி, அம்மா, நான். அம்மா செம்மஞ்சள் மிதவை அங்கிக்குள் கைப்பையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு இருந்தார். மணல்திட்டு வந்ததும் மாமா எஞ்சினை நிறுத்தினார். மைக்கை எடுத்தார். முந்தைய நாள் மாதிரி இல்லை; ஒரு வசனம் சொன்னார், நின்றார். நான் அதை அம்மாவின் காதில் தமிழில் சொன்னேன். அடுத்த வசனம் வந்தது.

முன்னொரு காலத்தில் இந்த ஊரில் அண்ணனும் தம்பியும் இருந்தார்களாம். ஊரில் பஞ்சமாம், இருக்க ஏலாமல் வெளிக்கிட்டார்களாம். ஏற்றிவந்த படகு அவர்களை இந்தத் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டதாம். அண்ணனுக்குக் காய்ச்சலாம், நெருப்பாய்க் கொதித்ததாம். கனநேரத்துக்குப் பிறகு ஒரு சின்னப் படகு வந்ததாம். அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்ததாம். அண்ணனைத் தம்பி தூக்கி ஏற்றினானாம். அடுத்த முறை தான் வருகிறேன் என்று தம்பி சொன்னதாக மாமா ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அது வெறும் தகவல் மாதிரிப் பட்டது. கதை என்றால் ஆள் பேசவேண்டும் அல்லவா? அதனால் கொஞ்சம் என் கைச்சரக்கைச் சேர்த்து, குரலையும் மாற்றி, "அண்ணை, நீ முதல் போ. நான் பேந்து வாறன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். மைக்கில் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தார்; நகம் குத்துகிற அளவுக்கு இறுக்கமாகப் பிடித்தார். படகு ஆடுகிறது, அம்மாவுக்குக் கடல் ஒத்துவரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தன்னைத் தேடிவருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று தம்பி தன் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி, மணலில் நட்டு வைத்தானாம். படகு திரும்பி வந்தபோது திட்டு இல்லையாம். தண்ணீருக்கு மேலே துடுப்பும் சட்டையும் மட்டும் நின்றதாம். அவ்வளவுதான் கதை. அமெரிக்கப் பெண் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அம்மா என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "அந்தச் சட்டை என்ன நிறமாம் எண்டு கேள்."

நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக ஆங்கிலத்தில் கேட்டேன். மாமா மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். நான் உட்கார்ந்து, "நீலமாம். சின்னக் கட்டம் போட்டதாம். அவையின்ர அக்கா தைச்சுக் குடுத்ததாம்" என்றேன். இந்த ஒரு கேள்வியை அம்மா தன் சொந்தத் தம்பியிடம் தமிழிலேயே கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைக்காரர் நடுவில் தமிழில் கத்திப் பேசுவது மரியாதையில்லை என்று விட்டிருப்பார் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று பின்னேரம் அம்மா மொன்றியலிலிருந்து கொண்டுவந்த தூள் போட்டு மீன் குழம்பு வைத்தார். முதலில் மாமாவுக்குத்தான் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்து, சதையை மட்டும் அவருடைய சோற்றில் வைத்தார். எனக்கு அப்படி முள் எடுத்துத் தருவதை அம்மா எப்போதோ நிறுத்திவிட்டார், முடி நரைத்த இந்த மனுசனுக்கு என்ன கொஞ்சல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். சவக்காலை பற்றி அம்மா கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் நான் எழும்பியபோது வீட்டில் ஒருவரும் இல்லை. ஜன்னலால் பார்த்தேன். கடல் வற்றி மணல்திட்டு வெளியே கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் படகு. திட்டின் நடுவில் அம்மாவும் மாமாவும் மணலில் குந்தியிருந்தார்கள். அம்மா தன் கோட்டை விரித்து எதற்கோ காற்று மறைவு கட்டிக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் மணல்வீடு கட்டப் போய்விட்டார்கள் என்று அவர்கள் வரும்வரை அழுதேன். திரும்பும் பயணத்தில் கைப்பையில் துவாய் மட்டும் இருந்தது. மெழுகுதிரி எங்கே என்றேன். குடுக்கவேண்டிய இடத்தில குடுத்திட்டன் என்றார் அம்மா. இந்தியப் பயணத்தைப் பற்றி வீட்டில் பிறகு பேச்சே எழவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா தானாகவே சொன்னார். மன்னாரில் ஏற்றின படகுக்காரன் தம்பிமார் இருவரையும் இறக்கிவிட்டுப் போனது இந்தியக் கரைக்கு இப்பால் ஒரு மணல்திட்டில். முகாமில் காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை. காய்ச்சல் மாமாவுடையது. தம்பியைக் கடலில் விட்டுவிட்டு நான் மட்டும் கரையேறினேன் என்று, அவனை வளர்த்தவளுக்கு எழுத மாமாவுக்குக் கை வரவில்லை. பதினான்கு வருடம் அதை ஒருவரிடமும் தமிழில் சொல்லவில்லை. அவனுக்கு இனிச் சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு, நேர சொல்லவும் வாய் வரேல்லை என்று அம்மா சொன்னார். மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடி உதறி மடித்தார்.

மாமா இப்போது அந்த ஊரில் இல்லை. படகுக்காரரின் மகன் மாமாவிடம் கேட்டுப் பழகியபடியே கதையைச் சொல்கிறான் போலிருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு அவன் ஏன் காத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை. முந்தைய நாள் மடை திறந்த மாதிரிச் சொன்ன மனுசன் இன்று திக்கித் திக்கி நிற்கிறாரே, மாமாவுக்குக் கதை மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் அவருக்கு வெட்கமாகிவிடக் கூடாதே என்று, அவர் விட்ட ஒவ்வொரு இடைவெளியையும் நான் அவசரம் அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்தேன்.