கழுவிய குழாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு நாளிதழின் புதுச்சேரி நிருபர். என் மனைவி முனைவர் பட்டத்துக்காகப் புழுக்களின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மூலக்குளத்து ஆமணக்குச் செடிகளில் பிடித்த புழுக்கள் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டில் டப்பா டப்பாவாகத் தின்று வளர்ந்தன.

புழு காலத்துக்கு முன்பே பூச்சியாகிவிடாமல் தடுக்கும் ஒரு ஹார்மோன் அதன் ரத்தத்தில் ஓடுகிறது. எண்ணெய்த் தன்மை உள்ளது. நீரில் சரியாகக் கரையாது. ரத்தத்திலுள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து, வழியில் சிதையாமல் கொண்டுசேர்க்கிறது. அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமானது என்று அளப்பதுதான் அவளுடைய கடைசி அத்தியாயம். கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோன் வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு சிறு குப்பியில் வந்திருந்தது. இன்னொன்று வருவதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும்.

அந்த ஹார்மோன் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் சோதனைக் குழாய்களின் உட்புறம் மெழுகு போன்ற ஒன்றைப் பூசி உலர்த்தி, ஆய்வக அலமாரியில் ஒரு பெட்டிக்குள் அடுக்கி, மேலே ‘கழுவக் கூடாது’ என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஐஸ் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். ரத்தம் சில்லென்று இருக்க வேண்டும்.

“புழுவுக்கா ஐஸு? இங்க மீனுக்கே பத்தல, போப்பா” என்று சொல்லிக்கொண்டே மீன்காரம்மா உடைத்துக் கொடுத்தாள்.

அன்று ரத்தத்தையும் ஹார்மோனையும் குழாய்களில் கலந்தாள். புரதம் பிடிக்காமல் விட்டதைக் கரித்தூள் உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சிய திரவத்தை ஊற்றி எடுத்து அளக்க வேண்டும். கதிரியக்கத்தை அளக்கும் கருவி மெட்ராஸில் இருந்தது. பஸ்ஸில் போனோம். கருவி அச்சடித்துத் தந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். ஹார்மோன் முழுதும் இருக்க வேண்டிய, கரித்தூளே போடாத குழாயின் திரவத்திலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

“எங்கங்க போச்சு அது?”

காலிக் குழாய்களை ஆல்கஹாலில் அலசி, அலசியதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி போனாள். எல்லாம் அதில் இருந்தது. ஹார்மோன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பிரான்ஸில் படித்தவர் அவளுடைய பேராசிரியர். குழாய்களின் பூச்சு என்னவாயிற்று என்று கேட்க அவள் உள்ளே போனாள்; அவர் அறை வாசலில் நான் நின்றேன்.

“திங்கக்கெழம பார்வையிட ஆளுங்க வந்தாங்களேம்மா. அலமாரி பூரா தூசி. நாந்தான் மொத நாளே கண்ணாடி எல்லாத்தையும் ஆசிட்ல போட்டுக் கழுவச் சொன்னேன். வுவாலா, பாரு, பளிச்சுனு ஆயிடுச்சு.”

“பெட்டி மேல எழுதியிருந்தேனே, சார்.”

“பெட்டியக் கழுவலையேம்மா.”

அவர் கேலி செய்யவில்லை. கழுவிய குழாய்களை அதே பெட்டியில், அதே வரிசையில் அடுக்க வைத்திருந்தார். பூசிய குழாயும் கழுவிய குழாயும் பார்வைக்கு ஒன்றுதான்.

இருந்த குப்பி தீர்ந்திருந்தது. புதிய குப்பிக்கு எழுதிப் போட்டார்கள். அது வரவில்லை, உதவித்தொகை நின்றது. அந்த அத்தியாயம் இல்லாமலே ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, அட்டை போடும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தாள்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“இவ்ளோதானாம்மா? முதுகுல பேரு போட எடம் பத்தாதே. நடுவுல காலிப் பேப்பர் கொஞ்சம் வெச்சுத் தெச்சுடட்டுமா?”

“வேணாம்” என்றாள்.