மரமே பட்டுப் போச்சு

போன வாரம் திங்கட்கிழமை காலை. அடுத்த வீட்டு மினதி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி, அத்தை என்னைப் பத்தி நல்லதா பேசினாங்க" என்றாள்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். மினதி ஒடிசாப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்தவள், அங்கே கூட வேலை பார்த்த சரவணனைக் காதலித்தாள். எட்டு மாதம் முன்பு கல்யாணம் ஆகி, செவிலிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்தாள். மாமியார் கற்பகம் பட்டு நெசவு செய்பவர். மகனுக்குச் சொந்தத்திலேயே பெண் பார்த்து வைத்திருந்தவர். மருமகளோடு சண்டை எதுவும் போட்டதில்லை. பேச்சும் கிடையாது. சாப்பிட்டியா, கதவைச் சாத்து – அவ்வளவுதான்.

அவரா பாராட்டினார்? என்ன சொன்னார் என்று கேட்டேன். போனில் தங்கையிடம் பேசியது மினதியின் காதில் விழுந்திருக்கிறது. அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"இவ வந்த நேரம், மரமே பட்டுப் போச்சு."

கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

மினதியைக் குறை சொல்ல முடியுமா? இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பட்டு என்ற சொல்லை அவள் நல்லதாகத்தானே கேட்டிருக்கிறாள்? பட்டுப்புடவை, பட்டு வேட்டி, பட்டுப்பாவாடை. எதிர்வீட்டுக் குழந்தையைக் கொஞ்சினால் "என் பட்டு". பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வாசல் வரை கடை போர்டுகளில் எல்லாம் பட்டு. அவர்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை வேறு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. நான் வந்த நேரம் மரம்கூடப் பட்டாகிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் தமிழில் இன்னொரு பட்டு இருக்கிறதே. நெய்கிற பட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெயில் பட்டு முகம் கறுக்கிறது. கண் பட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்கிறோம். கஷ்டப்பட்டு, அவமானப்பட்டு, வருத்தப்பட்டு... எதில் போய் ஒட்டினாலும் பெரும்பாலும் அழுகைதான். ஆசைப்பட்டு, சந்தோஷப்பட்டு என்று ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்திருக்கின்றன. மரம் பட்டுப் போனால் – காய்ந்து செத்துப் போனது என்று அர்த்தம். கற்பகம் சொன்னது முருங்கையை அல்ல, சுவர் ஓரமாக இருந்த கொய்யாவை. இந்தப் பெண்ணின் ராசி மரத்தையே கொன்றுவிட்டது என்கிறார்.

நான் சொல்லியிருக்க வேண்டாமா? "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். பாயசத்தையும் குடித்தேன்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்று ஒரு காரணம் வைத்துக்கொள்ளலாம். உண்மையான காரணம் வேறு. கொய்யா ஏன் பட்டது என்று எனக்குத் தெரியும். கோடையில் நாங்கள் காம்பவுண்டு சுவர் கட்டியபோது, பள்ளம் தோண்டிய ஆட்கள் அதன் வேர்களை வெட்டிப் போட்டார்கள். கை தடிமன் வேர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் ஆகாதும்மா என்றார் மேஸ்திரி. நம்பினேன் – நம்புவது வசதியாக இருந்தது. கற்பகம் அன்று வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் பள்ளத்தை மூடியாயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் மினதி மறுபடி வந்தாள். கம்பெனி பஸ்ஸில் கூட வரும் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி சிரித்திருக்கிறாள். இன்னொருத்தி அர்த்தம் சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

தெரியும் என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் அத்தை கால்ல விழுந்து தேங்க்ஸ் சொன்னேன் ஆன்ட்டி" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கற்பகம் தறியில் உட்கார்ந்திருந்தார். சுவர், வேர், மேஸ்திரி – எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மரத்தைக் கொன்றது என் சுவர், இந்தப் பெண் இல்லை என்றேன்.

தறிச் சத்தம் நின்றது. கற்பகம் நெய்த புடவையைத் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கலக்கா. வாய்க்கு வந்தத தங்கச்சிகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். இது என்னடான்னா கால்ல வுழுந்து எழுந்துக்குது." மருமகள் பக்கம் திரும்பினார். "உன்ன அப்படி சொன்னது தப்புதாம்மா."

அவர் வாயிலிருந்து அந்த "மா" வந்ததை நான் முதல் முறையாகக் கேட்டேன். மினதி கவனித்தாளா, தெரியாது. அவள் தனக்குத் தெரிந்த தமிழைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுங்க அத்தை, பரவால்ல. ஆனா எனக்குப் புரியற மாதிரி திட்டுங்க. அப்ப நான் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்."

கற்பகம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மினதியும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கலாமா, கூடாதா? தெரியாமல் நின்றேன்.

இப்போதெல்லாம் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திட்டு கேட்கிறது. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. ரசத்தில்... உப்பு... தூக்கலாக... இருக்கிறதாம். தூக்கல் என்றால் என்ன என்று நடுவில் ஒரு சந்தேகமும் கேட்கிறது. அதற்குப் பொறுமையாகப் பதிலும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கொய்யாக் கன்று வாங்கிக்கொண்டு போனேன். மாமியார் இடம் காட்ட, மருமகள் குழி தோண்டினாள். எனக்குக் காபிகூடக் கிடைத்தது.

ஆனால் கற்பகம் என்னிடம் மட்டும் இன்னும் பட்டும் படாமலும்தான் பேசுகிறார்.