சந்தனமும் பால் சுறாவும்

மகளின் பிரசவத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து நான் புனே வந்து இறங்கிய வாரத்தில், வானவடியில் அவள் குடியிருக்கும் வளாகத்துச் சந்தன மரத்தை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஊரில் இது அடிக்கடி நடக்குமாம். நிறைமாத வயிற்றோடு அவள் அந்த அடிக்கட்டையின் பக்கத்தில் நின்று அழுதாள். ஒரு மரத்துக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பேத்தி பிறந்தாள். தாய்க்குப் பால் போதவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவில் புட்டுச் செய்து கொடுப்போம்; அதைக்கூடச் செய்யாமல் ஊர் திரும்பினால் நான் என்ன தாய்? மகள் மாட்டேன் என்றாள். போனில் சந்தன மரம், பால் சுறா இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று தாவரம், பூத்துக் காய்ப்பது. மற்றது விலங்கு, முள்ளுக்குப் பதில் குருத்தெலும்பு உள்ள மீன். வகைப்பாட்டின் முதல் படியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடைசி வரியில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தது: அழிவாய்ப்பு இனம், காக்காவிட்டால் அழிந்துபோகக் கூடியது.

"மரத்த அறுத்தவன் திருடன்னா, நாம யாரும்மா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏட்டி, மரத்துக்கு அழுதியே, பிள்ள பாலுக்கு அழுறது உன் காதுல விழலையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவளாகவே வந்து, மீன் வாங்கி வரச் சொன்னாள்.

இங்கே மார்க்கெட்டில் முஷி என்று கேட்டால்தான் சுறா கிடைக்கும். மீன்காரி வெட்டித் தருகிறேன் என்றாள். மீன் விஷயத்தில் நான் யார் கையையும் நம்புவதில்லை, முழுசாகவே வாங்கி வந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைக் கீறினேன். உள்ளே குட்டிகள். சுறா குட்டி போடும் என்பது தெரியாதவளா நான்? எத்தனையோ தடவை வழித்துப் போட்ட கைதான். அன்றைக்கு என்னவோ, ஒவ்வொரு குட்டியும் தொப்புள்கொடியோடு கிடந்தது கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த அறையில் பேத்தி வீறிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். செத்த உயிர் யாருக்கும் ஆகாமல் குப்பைக்குப் போனது.

மகளிடம் மீன் கெட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். உள்ளதைச் சொன்னால் பச்சை உடம்புக்காரி தாங்கமாட்டாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் வாடிய முகத்தைப் பார்த்தாள்.

"கவலப்படாதம்மா. நாளைக்கு வேற சுறா வாங்கிட்டு வா, சாப்பிடுதேன்" என்றாள்.