டிரில் வேண்டாம், முட்டை போட்டிருக்கு

ஹெப்பகோடியில் ஒரு வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. நெற்றியெல்லாம் வெயில்.

நான் உள்ளே போய் டிரில்லை எடுத்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணா, வேண்டாம்! முட்டை போட்டிருக்கு."

சுவரை ஒட்டி மீன் தொட்டி. உள்ளே ஓர் இலை மேல் கசகசா போல முட்டைகள். ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன.

"சத்தம் கேட்டா பயந்துபோய் அதுங்களே தின்னுடும். போன தடவை மிக்ஸி போட்டேன், எல்லாம் போச்சு. அதான் மீட்டிங்கெல்லாம் படியில."

"முட்டையை எடுத்து வேற தொட்டில வெச்சுடலாமே சார்?"

"வெக்கலாம். அப்புறம் அதுங்க எப்ப அம்மா அப்பா ஆகறது? பத்து நாள் கழிச்சு வாங்கண்ணா."

ஒரு நாள் வேலை கெட்ட எரிச்சலோடு கிளம்பினேன்.

பத்து நாள் கழித்துப் போனபோதும் படியில்தான் இருந்தார். வெயிலில் முகம் இன்னும் கறுத்திருந்தது.

"தெருவுல லாரி ஹாரன் அடிச்சான். தின்னுடுச்சுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து மறுபடி போட்டிருக்குண்ணா. இந்தத் தடவை நல்லாப் பாத்துக்குதுங்க" என்றார்.

நான் பையைத் திறக்கவேயில்லை. இணைப்பு ஏன் கொடுக்கவில்லை என்று கம்பெனி ஆப் காரணம் கேட்டது. 'வீட்டில் பிரசவம்' என்று தட்டிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கினேன்.