நீதவானின் படத்துக்குப் பூ வைத்தவள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் ஒரு சிறு நகரம். அதன் நகரசபைக் கட்டடத்தை இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைப்பவள் கமலநாயகி. மாடிப்படி ஏறியதும் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று இருக்கும்: அமெரிக்காவில் நீதவானாகவும் பிறகு செனட்டராகவும் இருந்த ஓப்பர்லே. இதே ஊரில் பேக்கரி வைத்துப் பாண் போட்டவரின் மகன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மனிசனின் சரித்திரம் மேயரைவிட இவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் வழிகாட்டி ஒப்புவிப்பதை, வாளியும் கையுமாக நின்று எத்தனை தரம் கேட்டிருப்பாள்!

1849இல் அரசனுக்கு எதிரான கிளர்ச்சி தோற்றதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர் ஓப்பர்லே. அமெரிக்காவில் மர ஆலையில் கூலி வேலை. அங்கே இடது கையில் இரண்டு விரல் போயிற்று. படத்தில் ஓவியர் கையுறை மாட்டி மறைத்துவிட்டார். இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து முப்பத்தைந்து வயதில் நீதவான் ஆனார். ஒருநாள் தப்பியோடி வந்த அடிமை ஒருவனைப் பிடித்துவந்து முன்னே நிறுத்தினார்கள். திருப்பி அனுப்பு என்றது சட்டம். ஓடி வந்தவனைத் திருப்பி அனுப்பத் தன்னால் முடியாது என்று பதவியை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பெயரில்தான் சனங்கள் அவரைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாளே வேறொரு நீதவான் கையெழுத்து வைத்து அந்த அடிமையை அனுப்பிவிட்டதையும் வழிகாட்டி சொல்வார். அந்தத் துண்டு மட்டும் கமலநாயகியின் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் படத்தின் கீழே ஒரு செவ்வந்தி வைப்பாள். எல்லாம் பிருந்தனுக்காக. சொந்த ஊரிலிருக்கும் தங்கை ஸ்வர்ணாவின் மகன் அவன். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, வேலை செய்யக் கூடாது என்று அச்சடித்த தற்காலிகத் தாளோடு இவள் வீட்டில் இருந்தான். கடைசியாக மாநிலத்தின் கருணைக் குழுவுக்கு ஓர் அன்ட்ராக், அதாவது மனு, போட்டிருந்தார்கள். அதுவும் இல்லையென்றால் விமானம்தான்.

"பெரியம்மா, இதுவும் சரிவராட்டில்?"

"விசர்க்கதை கதையாதை. அவரும் உன்னை மாதிரி ஓடி வந்தவர்தானே. எல்லாம் சரிவரும்."

ஓப்பர்லேயின் இருநூறாவது பிறந்தநாளுக்குப் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள். பூவைக் கண்டு, ஏன் என்று கேட்டாள். கேட்க ஆளில்லாமல் இருந்த கமலநாயகி எல்லாவற்றையும் கொட்டினாள். பெடியன் அரசாங்கக் காசில் சும்மா இருந்து தின்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில், அவன் ஒருநாளும் சும்மா இருக்கிறவன் இல்லை, பின்னேரங்களில் உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறான் என்றும் சொன்னாள். எங்கள் சனத்துக்கு அதைவிடப் பெரிய நற்சான்று ஏது? ஐயோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, பாவி மனிசி!

படத்தோடு கட்டுரை வந்தது. கோப்பை கழுவுவதும் வந்தது. கமலநாயகிக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மூன்று பிரதி வாங்கி, ஒன்றைத் தன் கையாலேயே உறையிலிட்டுக் கருணைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. வழக்கறிஞர் நிரஞ்சனா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அக்கா, அனுமதியில்லாமல் வேலை செய்தவர் எண்டு எழுதியிருக்கினம். சாட்சி நீங்கள் அனுப்பின பேப்பர்தான். ஏன் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை? இனி ஒண்டும் செய்ய ஏலாது."

பிருந்தனுக்கு ஜெர்மன் வாசிக்க வராது. கமலநாயகி அவனிடம், "ஆரோ சொல்லிக் குடுத்துப்போட்டினம், தம்பி" என்றாள். அவன் அப்படியே நம்பினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். பிருந்தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அழாதேங்கோ பெரியம்மா. நீங்கள் எனக்குச் செய்ததை என்ர அம்மாகூடச் செய்திருக்க மாட்டா" என்றான். மத்தியானம் பிராங்பேர்ட்டில் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஸ்வர்ணா தொலைபேசியில் கதறினாள்.

"அக்கா, கொழும்பில விசாரிக்க எண்டு கொண்டுபோனவங்கள் இன்னும் விடேல்லை! எங்க வைச்சிருக்கிறாங்கள் எண்டும் தெரியேல்லை. ஆரோ காட்டிக் குடுத்ததாம் எண்டு பிள்ளை அங்க இருக்கேக்க போனில சொன்னவன். ஆரக்கா அது? அந்த ஆள் நாசமாய்ப் போக!"

சொல்லிவிடத்தான் கமலநாயகி வாயெடுத்தாள்.

"ஓம் தங்கச்சி" என்றாள். "நாசமாய்ப் போகட்டும்."