வேட் கியர்லியின் நெஞ்சுப் பெட்டி

எங்கள் விரிகுடாவில் கியர்லி வீட்டு ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள், திடீரென்று விழுந்து செத்துப்போவார்கள். வேட் மட்டும்தான் இதைக் கேட்டுச் சிரிப்பான். வேறு யார் முன்னாலும் இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. அவன் அப்பா ஹேவர்ட், படகுத்துறையில் காட் மீன் கிழித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். வயது முப்பத்து நாலு. ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஊரில் எப்போதும் பேசிக்கொள்வார்கள். கடைசியில் டாக்டர்கள் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் பெரிய வார்த்தைகளில்.

வேடுக்கும் இருந்தது. அப்போது அவனுக்குப் பதினேழு. செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இடது காறையெலும்புக்குக் கீழே டீஃபிபிரிலேட்டர் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அந்தப் பெயர் யார் வாயில் நுழையும்? எங்களுக்கு அது பெட்டி. இதயம் தறிகெட்டு ஓடினால் உள்ளே இருந்தபடியே ஒரு மின்னடி கொடுத்து அதை வழிக்குக் கொண்டுவரும். நல்ல சாமான்தான். ஆனால் இனி ஹாக்கி ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பையனிடம் அதைச் சொல்வதற்குப் பதில் உன் காலை வெட்டிக்கொள் என்றே சொல்லியிருக்கலாம்.

அவன் வீட்டில் முடங்கவில்லை. குளம் உறைந்து பையன்கள் அதன்மேல் ஹாக்கி ஆட இறங்கியதும் ஒரு விசிலை வாயில் வைத்துக்கொண்டு கரையில் வந்து உட்கார்ந்தான். தானே ரெஃபரி என்று அறிவித்தான்.

"டேய் ரெஃபரி, பேட்டரி இருக்காடா?" என்று பையன்கள் கத்துவார்கள்.

"எனக்கு இருக்கு. உன் மண்டைக்குத்தான் மாத்தணும்" என்பான்.

எனக்கு ஹாக்கியில் ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு தினமும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கு நுனி மரத்துப்போகும். ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்போம். அந்தக் குளிர்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவனுக்கு என்மேல் ஆசை என்பது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வருஷங்கள் ஓடின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"வேணாம் ரோண்டா" என்றான். "எங்கம்மாவைப் பாக்குறல்ல? இன்னும் சாயங்காலமானா ஜன்னல்ல நின்னு படகுத்துறையையே பாக்குது. உன்னை நான் அப்படி நிக்க வைக்க மாட்டேன்."

"நான் எங்க நிக்கணும்னு நீ யாருடா சொல்ல?" என்று திட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல மம்மர்கள் என்ற வேஷக்காரர்கள் வீடு வீடாகக் கிளம்பினார்கள். ஆண் பெண் வேஷம், பெண் ஆண் வேஷம், முகத்தில் துணி. குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்கள். அடுப்படிக்குள் வந்து ஆடுவார்கள்; வீட்டுக்காரர்கள் கிள்ளி, அமுக்கி, தடவிப் பார்த்து யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். வேட் அதில் எப்போதும் முதல் ஆளாக மாட்டிக்கொள்வான். தோளில் கை வைத்தால் பெட்டி தட்டுப்படுமே.

எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தில் பூப்போட்ட கவுன் போட்ட ஒரு குண்டம்மா இருந்தாள். முகத்தில் ஜன்னல் திரை, உடம்பெல்லாம் தலையணை. நான் தோளை அமுக்கிப் பார்த்தேன், பஞ்சுதான். இது வேட் இல்லை என்று விட்டுவிட்டேன். அப்பா அக்கார்டியன் வாசிக்க, குண்டம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆடினாள். என்னைச் சுற்றிவிட்ட வேகத்தில் அவள் தடாலென்று தரையில் விழுந்தாள்.

எல்லோரும் சிரித்தோம். மம்மர் என்றால் இப்படிக் கூத்தடிப்பதுதானே. அப்பா இன்னும் வேகமாக வாசித்தார். "ஏய் குண்டம்மா, தரை உடைஞ்சிரும், எந்திரி" என்றேன். அந்த உடம்பு அப்படியே கிடந்தது. பிறகு யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அடுப்படியே கைதட்டியது.

திரைக்குள்ளிருந்து சொந்தக் குரலில் பேச்சு வந்தது. "ரோண்டா... பெட்டி அடிச்சிருச்சு."

அக்கார்டியன் நின்றது. நான் திரையைப் பிய்த்து எறிந்தேன். வெளுத்த முகத்தில் அவன் அம்மாவின் லிப்ஸ்டிக். தோளில் ஒரு மூட்டை காலுறையைத் திணித்து வைத்திருந்தான், பாவி.

"செத்துத் தொலைஞ்சிருப்பியேடா" என்று அவனை உலுக்கினேன். "நாங்க பாட்டுக்குக் கைதட்டிட்டு நின்னிருப்போமே."

"பாத்தேல்ல?" என்றான். கண் கலங்கியிருந்தது. "இதுக்குத்தான் வேணாம்னேன்."

"பாத்தேன். விழுந்ததையும் பாத்தேன், முழிச்சதையும் பாத்தேன். உங்கம்மாவுக்கு விழுந்தது மட்டும்தான் கிடைச்சுது. எனக்கு ரெண்டும் கிடைச்சிருக்கு. இனி என்ன சாக்குடா சொல்லப்போற?"

கவுனோடேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நர்ஸுகள் ஒரு வாரம் சிரித்தார்கள். அடுத்த கோடையில் கல்யாணம் செய்துகொண்டோம். பெட்டியின் பேட்டரி தீரும்போதெல்லாம் புதுசு வைக்கிறார்கள். எங்கள் மகளுக்கும் ரத்தத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகிறோம். தேவைப்பட்டால் அவளுக்கும் வைப்போம். பயமில்லையா என்றால், இருக்கிறது. எல்லா நாளும் இருக்கிறது.

வேடுக்கு அவன் அப்பா எட்டாத முப்பத்தைந்து ஆன அன்று காலையிலிருந்தே அவன் சரியாகப் பேசவில்லை. கேக் வெட்ட மாமியார் மார்ஜரியைக் கூப்பிட்டிருந்தேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அவனிடம் போனார். அவன் காதோரத்தில் நாலைந்து நரைமுடி. அதை விரலால் தொட்டார்.

"உங்கப்பாவுக்கு நரைக்கவே இல்ல மவனே" என்றார். "வயசானா எப்படி இருப்பாருன்னு எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். இப்படித்தான் இருந்திருப்பாரு போல."

அம்மா நன்றாகப் பார்க்கட்டும் என்று வேட் வெளிச்சத்தின் பக்கம் தலையைத் திருப்பிக் குனிந்து நின்றான்.