தங்கை பிரசங்கித்த ‘மிக்ரோஸ்’

எங்கள் தங்கை கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. வெள்ளகோவிலில் பிறந்து துடியலூரில் வாழ்க்கைப்பட்டவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து மகளை ஆளாக்கினார். நாற்பதைத் தாண்டிய பிறகு, வேதத்தை மூலமொழியில் வாசிக்க வேண்டுமென்று கிரேக்கம் கற்றார். கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறுப்பின் பண்டிகையன்று பிரசங்கிக்கும்படி போதகர் தங்கையைக் கேட்டார். எங்கள் சபையில் அதுவரை பெண்கள் பிரசங்கித்ததில்லை. கமிட்டியில் நான்தான் மூத்தவன். தங்கை என்னைத் தேடி வந்தார்.

“நீங்க முன் பெஞ்சுல உக்காந்தாப் போதுங்கண்ணா. மத்தவங்க தானா உக்காந்துக்குவாங்க.”

“நீ பீடத்துல ஏறுனா நான் எந்திரிச்சுப் போயிருவேன் அம்மணி.”

“அப்பப் பாட்டு முடியறதுக்குள்ள போயிருங்க. நடுவுல எந்திரிச்சா எனக்குப் பேச்சு மறந்துபோயிரும்” என்று சிரித்தார்.

சொன்னபடியே எழுந்து போனேன். வெளியே, காணிக்கையாக ஏலத்துக்கு வந்திருந்த வாழைத்தார்களுக்கும் கோழிகளுக்கும் நடுவில் நின்றேன். கரண்ட் இல்லாததால் ஒலிபெருக்கி ஓடவில்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் என் மனைவி சொல்லித்தான். சிறுமையைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றித் தங்கை பேசினாராம். ஆண்பாலில் மிக்ரோஸ், பெண்பாலில் மிக்ரா, இரண்டுமல்லாததற்கு மிக்ரோன். நம்முடைய ‘சின்ன’ எங்கும் மாறாமல் நிற்கும். அந்தச் சொல்லோ கூட வரும் பெயருக்கேற்ப உருமாறும். உயரம், வயது, மதிப்பு என எதில் குறைந்தாலும் அதே சொல்தான். ஆகவே சிறியவரை அற்பமாக எண்ணாதீர்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில் குழந்தைகள் மட்டுமல்ல, சபை கணக்கில் எடுக்காத எல்லோரும் அடங்குவர் என்றாராம்.

“கோழிககூட நிக்கறதுக்குப் பதிலா உள்ள உக்காந்து நீங்க கேட்டிருக்கோணுங்க” என்றாள் மனைவி.

பிறகு அவிநாசி வரை பல சபைகள் தங்கையை அழைத்தன. முதல் நாள் எழுந்து போனவன் எந்த முகத்தோடு போய் உட்காருவது? வீம்பாகவே இருந்துவிட்டேன். தங்கை மட்டும் வாராவாரம் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். கடைசி நாட்களில், அந்தப் பிரசங்கத்தை எனக்காக ஒருமுறை சொல்லும்படி கேட்டேன்.

“மூச்சு வாங்குதுங்கண்ணா. அண்ணி நல்லாச் சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க” என்றார்.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று எழாமல் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு என் தனி நன்றி. தங்கையின் பேச்சில் ஒரு வரி நினைவிருந்தாலும், இன்று சாப்பிட்டுக் கிளம்பும் முன் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குக் காது மந்தம். சற்று உரக்கச் சொல்லுங்கள்.